இன்னும் ஒரு திர்ஹம்: நேர்கோட்டின் சாய்வும் நம் இமாம்களின் கணக்கும்

மேல்நிலை வகுப்பில் வகைநுண்கணிதம் தொடங்கும்போது நம் பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்யும் விதிகளுள் ஒன்று, நேர்கோட்டுச் சார்பின் வகைக்கெழு ஒரு மாறிலி என்பதாகும். 'மூன்று எக்ஸ் கூட்டல் ஐந்து' என்று கொடுத்தால் விடை மூன்று. அந்த ஐந்து எங்கே போயிற்று, எக்ஸ் ஏன் மறைந்தது என்று கேட்கும் பிள்ளைக்கு, "விதி அப்படித்தான்" என்பதே பெரும்பாலும் மறுமொழியாகக் கிடைக்கிறது. பிள்ளையும் மதிப்பெண்ணுக்காக அதை ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடுகிறது.

நம் சமுதாயத்தில் இந்தப் பாடத்தைப் பற்றி இரண்டு விதமான பேச்சுகள் உலவுகின்றன. ஒன்று, இது ஐரோப்பியர் கண்ட கணிதம், நமக்கும் இதற்கும் ஒட்டுறவில்லை என்பது. மற்றொன்று, இவையெல்லாம் முஸ்லிம்கள் முன்பே கண்டுபிடித்தவை, ஐரோப்பியர் எடுத்துக்கொண்டார்கள் என்பது. முதலாவது பேச்சு பிள்ளையின் ஊக்கத்தைக் குலைக்கிறது. இரண்டாவது உண்மையைக் குலைக்கிறது. வரலாறும் ஓர் அமானிதம்தான். அதில் குறைப்பதும் கூடாது, கூட்டுவதும் கூடாது. எனவே இந்த ஒரு சிறு விதியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, அதில் நம் முன்னோரின் பங்கு எது, பிறரின் பங்கு எது என்பதை முறையாகப் பார்ப்போம். தொடங்குவதற்கு ஏற்ற இடம் நம் வீட்டு ஜகாத் கணக்கே.

ஜகாத் என்னும் நேர்கோடு

வெள்ளி நாணயத்துக்கு நிஸாப் 200 திர்ஹம். அந்த அளவு செல்வம் ஓராண்டு கையில் இருந்தால் 5 திர்ஹம் ஜகாத். அதாவது நாற்பதில் ஒரு பங்கு. இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. 200-க்கு மேலே உள்ள மேலதிகத்துக்கும் அதே நாற்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், கணக்கை இவ்வாறு எழுதலாம்:

ஜகாத் = 5 + (மேலதிகம் ÷ 40)

பள்ளிப் பாடத்தில் வரும் நேர்கோட்டுச் சார்பும் இதே வடிவம் கொண்டதுதான். ஒரு மாறிலி இருக்கிறது. மாறும் அளவு ஒன்று இருக்கிறது. அந்த மாறும் அளவு எப்போதும் ஒரே எண்ணால் பெருக்கப்படுகிறது. இப்போது வகைக்கெழு கேட்கும் கேள்வியைக் கேட்போம்: செல்வத்தில் இன்னும் ஒரு திர்ஹம் கூடினால் ஜகாத் எவ்வளவு கூடும்?

மேலதிகம் 100 திர்ஹமாக இருந்தால் ஜகாத் 7.5 திர்ஹம். அது 101 ஆனால் ஜகாத் 7.525. கூடியது 0.025, அதாவது நாற்பதில் ஒன்று. மேலதிகம் 1,000 ஆக இருந்தால் ஜகாத் 30. அது 1,001 ஆனால் 30.025. இங்கும் கூடியது அதே நாற்பதில் ஒன்று. ஒரு திர்ஹத்துக்குப் பதிலாக அரைத் திர்ஹம் கூடினாலும், கூடிய ஜகாத்தைக் கூடிய செல்வத்தால் வகுத்தால் விடை மாறுவதில்லை.

பிள்ளையின் இரண்டு கேள்விகளுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஐந்து மறைந்தது ஏனென்றால், அது முன்பே கடமையாகிவிட்ட தொகை. அடுத்த திர்ஹம் வந்தாலும் வராவிட்டாலும் அது மாறப்போவதில்லை. நாம் கேட்டதோ மாற்றத்தை மட்டும். மாறும் அளவு மறைந்தது ஏனென்றால், கோட்டின் எந்த இடத்தில் நின்று கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது. எந்த இடம் என்று சொல்ல வேண்டிய தேவையே அங்கு இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல் இதைச் 'சாய்வு' என்கிறது. இலங்கையில் பயிலும் நம் பிள்ளைகள் 'படித்திறன்' என்று படிக்கிறார்கள். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றுதான்: அடுத்து வரும் ஓர் அலகுக்கு எவ்வளவு.

இந்தச் சாய்வு நம் மார்க்கச் சட்டத்தில் ஒரே ஓர் எண்ணாக இல்லை. பொன், வெள்ளி, வணிகப் பொருள் ஆகியவற்றுக்கு நாற்பதில் ஒன்று. ஏற்றமிட்டு நீர் இறைத்துப் பயிர் செய்த விளைச்சலுக்கு இருபதில் ஒன்று. மழையாலும் ஊற்றாலும் தானே விளைந்ததற்குப் பத்தில் ஒன்று. மண்ணில் கண்டெடுத்த பழம் புதையலுக்கு ஐந்தில் ஒன்று. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள், மனிதனின் உழைப்பு கூடக்கூட இந்தப் பங்கு பாதி பாதியாகக் குறைந்து வருவதைத் தம் 'ஸாதுல் மஆத்' நூலில் எடுத்துக்காட்டியுள்ளார்கள். கணிதத்தின் மொழியில் சொன்னால், சட்டம் உழைப்புக்குக் காட்டிய கனிவு கோட்டின் சாய்வில் பதிந்திருக்கிறது.

கூஃபாவில் எழுந்த கேள்வி

மேலே நாம் எழுதிய கணக்கில் ஓர் இடத்தைக் கேள்வியின்றிக் கடந்து வந்தோம். '200-க்கு மேலே உள்ள மேலதிகத்துக்கும் அதே பங்கு என்று வைத்துக்கொண்டால்' என்றோம். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் இராக்கின் கூஃபா நகரில், இந்த இடத்தில்தான் பெரும் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கி.பி. 699 முதல் 767 வரை வாழ்ந்தவர்கள். துணி வணிகம் செய்தவர்கள். நாணயமும் சில்லறையும் அவர்கள் அன்றாடம் கண்டவை. 200 திர்ஹத்துக்கு மேலே உள்ள தொகை 40 திர்ஹத்தை எட்டும்வரை அதற்கு ஜகாத் இல்லை என்பது அவர்களின் தீர்ப்பு. 200-க்கும் 5, 239-க்கும் 5. 240 ஆனதும் 6. பிறகு 279 வரை அதே 6. 280-இல் 7.

அவர்களின் இரு பெரும் மாணவர்களான இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களும் இமாம் முஹம்மது அஷ்ஷைபானீ (ரஹ்) அவர்களும் இதில் ஆசிரியரிடமிருந்து வேறுபட்டார்கள். 200-க்கு மேலே ஒரே ஒரு திர்ஹம் இருந்தாலும் அதற்கும் அதன் விகிதப்படி ஜகாத் உண்டு என்றார்கள். அதன்படி 239 திர்ஹத்துக்கு ஜகாத் 5 திர்ஹமும் ஒரு திர்ஹத்தில் நாற்பதில் 39 பங்கும். இமாம் மாலிக், இமாம் ஷாஃபிஈ, இமாம் அஹ்மத் (ரஹ்) ஆகியோரின் கருத்தும் இதுவே.

இரண்டையும் வரைபடத் தாளில் வரைந்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். மாணவர்களின் கணக்கு, தடையின்றி ஏறும் நேர்கோடு. ஆசிரியரின் கணக்கு, படிக்கட்டு. படிக்கட்டில் ஒவ்வொரு படியின் மேற்பரப்பும் சமதளம். அங்கே இன்னும் ஒரு திர்ஹம் சேர்ந்தால் ஜகாத் கூடுவது சுழியம். 239-இலிருந்து 240-க்குப் போகும் அந்த ஓர் எட்டில் மட்டும் ஒரு முழுத் திர்ஹம் ஒரே தாவலாக ஏறிவிடும். தாவும் இடத்தில் வகைக்கெழு என்று ஓர் எண்ணைச் சொல்லவே முடியாது என்று இன்றைய கணிதம் கூறும். ஆயினும் 40 திர்ஹம் நீளத்துக்குச் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றே: நாற்பதுக்கு ஒன்று. சராசரி வீதத்தில் ஆசிரியரும் மாணவர்களும் ஒன்றுபட்டார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள வீதத்தில்தான் வேறுபட்டார்கள்.

இருதரப்புக் காரணங்களையும் 12ஆம் நூற்றாண்டின் அறிஞர் அல்மர்கீனானீ (ரஹ்) அவர்கள் 'ஹிதாயா' நூலில் பதிவு செய்துள்ளார்கள். ஆசிரியரின் பக்கம் நிற்கும் காரணம், சில்லறைப் பின்னங்களில் வசூலிக்க வேண்டாம் என்ற அறிவிப்பும், அத்தகைய பின்னங்களைக் கணக்கிட மக்கள் படும் சிரமத்தைத் தவிர்ப்பதும். மாணவர்களின் பக்கம் நிற்கும் காரணம், மேலதிகத்துக்கு அதன் கணக்குப்படியே ஜகாத் என்று அலீ (ரலி) அவர்கள் வழியாக வந்த அறிவிப்பும், ஜகாத் என்பது செல்வம் என்னும் அருட்கொடைக்குச் செலுத்தும் நன்றி என்ற கருத்தும். ஒரு திர்ஹமும் அருட்கொடைதான், அதற்கும் நன்றி உண்டு என்பது இதன் உட்பொருள்.

படிக்கட்டு முறை மார்க்கச் சட்டத்தில் புதிதன்று. ஆட்டு மந்தையின் ஜகாத் படிக்கட்டாகவே அமைந்திருக்கிறது. 40 முதல் 120 ஆடுகள் வரை ஓர் ஆடு. 121 முதல் 200 வரை இரண்டு. 201 முதல் 399 வரை மூன்று. 400 முதல் ஒவ்வொரு நூற்றுக்கும் ஒன்று. இரு படிகளுக்கு இடையிலுள்ள எண்ணிக்கைக்கு 'வக்ஸ்' என்று ஃபிக்ஹு நூல்கள் பெயர் சூட்டியுள்ளன. உயிருள்ள ஆட்டில் நாற்பதில் ஒரு பங்கை வெட்டிக் கொடுக்க முடியாது. நாணயத்தின் நிலை வேறு. அதை நிறுக்கலாம், நறுக்கலாம், மாற்றலாம். எனவே நாணயத்தை ஆட்டு மந்தையைப் போல் எண்ணுவதா, தானியக் குவியலைப் போல் அளப்பதா என்பது வீண் வாதமன்று. எண்ணப்படும் பொருளுக்குப் படிக்கட்டும் அளக்கப்படும் பொருளுக்குக் கோடும் பொருந்தும் என்ற கணித உண்மையின் வாசலில்தான் அந்த அறிஞர்கள் நின்றிருந்தார்கள்.

தமிழகத்தின் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் ஷாஃபிஈ மத்ஹபும், உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி மத்ஹபும் பெரிதும் பின்பற்றப்படுகின்றன. ஆகவே இந்தக் கோடும் இந்தப் படிக்கட்டும் நம் குடும்பங்களின் பாரம்பரியத்துக்குள்ளேயே இருப்பவை.

ஒரே வரி, இரண்டு சாய்வுகள்

மாணவர்களுள் ஒருவரான இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் பின்னர் அப்பாஸியக் கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் ஆட்சியில் தலைமை நீதிபதியானார்கள். அந்தக் கலீஃபாவுக்காக அவர்கள் எழுதிய 'கிதாபுல் கராஜ்' நூலில் நிலவரியைப் பற்றிய ஒரு கேள்வி வருகிறது. நம் விதியின் இன்னொரு பக்கத்தை அது விளக்குகிறது.

உமர் (ரலி) அவர்களின் காலத்தில் இராக்கின் சவாத் பகுதி நிலங்களை உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்கள் அளந்தார்கள். ஒவ்வொரு ஜரீப் பரப்புக்கும் பயிருக்கேற்ப இவ்வளவு என்று நிலையான வரி விதிக்கப்பட்டது. நிலம் தாங்கும் அளவுக்கு மேல் சுமத்திவிட்டீர்களா என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பொறுப்பாளர்களிடம் விசாரித்த செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. அன்றைய நிலத்துக்கு அது பொருந்திய ஏற்பாடு. ஆனால் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் நிலைமை மாறியிருந்தது. பல நிலங்கள் தரிசாகிவிட்டன. விளைச்சலும் விலையும் ஏறி இறங்கின. இந்நிலையில், நிலையான தொகையைவிட விளைச்சலில் ஒரு பங்கை வாங்குவதே நீதிக்கு நெருக்கமானது என்று அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் பரிந்துரைத்தார்கள். இந்தப் பங்கு முறைக்கு 'முகாஸமா' என்று பெயர்.

நிலையான வரியின் வகைக்கெழு என்ன? எதைப் பொறுத்து என்று கேட்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. நிலப் பரப்பைப் பொறுத்துக் கேட்டால், இன்னும் ஒரு ஜரீப் சேர்ந்தால் ஒரு ஜரீபுக்கான வரி கூடும். அது ஒரு நேர்கோடு, அதற்குச் சாய்வு உண்டு. விளைச்சலைப் பொறுத்துக் கேட்டால், ஒரு மூட்டை கூடினாலும் குறைந்தாலும் வரி அசைவதில்லை. சாய்வு சுழியம். மாறிலியின் வகைக்கெழு சுழியம் என்று பாடநூல் சொல்வது இதைத்தான். வரண்ட ஆண்டில் அந்தச் சுழியம் உழவனின் முதுகில் ஏறி உட்காரும். விளைச்சல் பாதியானாலும் வரி பாதியாகாது. முகாஸமா முறையிலோ வரி விளைச்சலோடு சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும்.

இவர்களில் யாரும் வகைக்கெழு என்ற கருத்தை எழுதிவைக்கவில்லை. அவ்வாறு சொல்வது மிகை. அவர்கள் செய்தது ஒரு சட்டத்தைப் பார்த்து, 'இது மாறினால் அது எவ்வளவு மாறும், அந்த மாற்றம் நீதியானதா' என்று கேட்டது. மாற்றத்தின் வீதத்தை நீதியின் அளவுகோலாகக் கொண்டு சிந்தித்தது அவர்களின் சிறப்பு.

அல்குவாரிஸ்மியின் நான்கு எண்கள்

அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் 798இல் மறைந்தார்கள். அதன்பின் சில பத்தாண்டுகளுக்குள், கலீஃபா மஃமூனின் ஆட்சிக் காலத்தில் (813–833), பக்தாதில் முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி தம் இயற்கணித நூலை எழுதினார். 'அல்ஜப்ர்' என்ற அதன் தலைப்புச் சொல்லே இன்று உலகம் வழங்கும் 'அல்ஜீப்ரா'. வாரிசுரிமை, மரண சாசனம், பாகப்பிரிவினை, வழக்கு, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு ஏற்படும் தேவைக்காகவே எழுதுவதாக அவர் முன்னுரையில் கூறுகிறார். நூலின் பெரும்பகுதி வாரிசுரிமை, சாசனக் கணக்குகளே.

அதில் கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு சிறு அத்தியாயம் உண்டு. மக்களின் எல்லா வணிகங்களும் நான்கு எண்களுக்குள் அடங்கும் என்கிறார். விற்பனை அலகு, அதன் விலை, வாங்கும் அளவு, கொடுக்கும் தொகை. மூன்று தெரிந்தால் நான்காவது கிடைத்துவிடும். மாதம் 10 திர்ஹம் கூலி பெறும் வேலையாளுக்கு 6 நாள் வேலைக்கு எவ்வளவு என்று கேட்டு, 6 நாள் மாதத்தில் ஐந்தில் ஒன்று, ஆகவே 2 திர்ஹம் என்று விடை தருகிறார்.

இங்கே மறைந்திருப்பதும் ஒரு சாய்வுதான்: நாளொன்றுக்கு மூன்றில் ஒரு திர்ஹம். முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் அதே கூலி என்பதால்தான் மூன்று எண்களிலிருந்து நான்காவதைக் காண முடிகிறது. இந்த மூன்றெண் விதி இந்தியக் கணிதத்திலும் மிகப் பழைமையானது. இந்தியரின் முறையைப் பற்றியே அல்பிரூனி தனி நூல் எழுதினார். நேர்கோட்டின் வீதம் பல நாகரிகங்களின் சந்தைகளில் பிறந்த பொதுச் சொத்து.

கோடு வளையும் இடம்

அப்படியானால் நுண்கணிதம் என்ற தனித் துறை எதற்கு? வீதம் எங்கும் ஒன்றாக இல்லாத பொருள்கள் உலகில் உண்டு. அங்கேதான் மூன்றெண் விதி கைவிடுகிறது.

சதுர நிலம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பக்கம் 10 முழமானால் பரப்பு 100. பக்கம் 11 ஆனால் 121. ஒரு முழத்துக்கு 21 கூடியது. பக்கத்தை 10.1 மட்டும் ஆக்கினால் பரப்பு 102.01. கூடியதைப் பக்கத்தின் கூடுதலால் வகுத்தால் 20.1. பக்கத்தை 10.01 ஆக்கினால் 20.01. கூட்டும் அளவு சுருங்கச் சுருங்க விடை 20-ஐ நெருங்குகிறது. அந்த 20தான் 10 முழத்தில் உள்ள வகைக்கெழு. பக்கம் 50 முழமாக இருந்தால் அது 100. ஜகாத் கணக்கில் எவ்வளவு கூட்டினோம் என்பது விடையைத் தொடவே இல்லை. இங்கே தொடுகிறது. எனவே கூட்டும் அளவைச் சுருக்கிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. நேர்கோட்டுக்கு இந்தச் சுருக்கல் தேவையில்லை. ஆகவேதான் சந்தைக் கணக்கருக்கு நுண்கணிதம் தேவைப்படவில்லை, வானியலாருக்குத் தேவைப்பட்டது.

தொழுகை நேரத்தை நினைத்தாலே இது விளங்கும். பகலின் நீளம் ஆண்டு முழுவதும் ஒரே வீதத்தில் மாறுவதில்லை. மார்ச், செப்டம்பர் மாதங்களில் வேகமாக மாறும். ஜூன், டிசம்பர் மாதங்களில் ஏறக்குறைய நின்றுவிடும். சூரியன் வான்வெளியில் நகர்வதாகத் தோன்றும் வேகமும் சீரானதன்று. பக்தாதில் 901இல் மறைந்த தாபித் இப்னு குர்ரா, அந்த வேகம் எங்கே மிகுதி, எங்கே குறைவு என்பதை ஆராய்ந்தவர். அவர் ஹர்ரானைச் சேர்ந்த ஸாபிஈ சமயத்தவர், முஸ்லிம் அல்லர். முஸ்லிம் ஆட்சியின் கீழ், அரபு மொழியில், பல சமயத்தார் சேர்ந்து வளர்த்த அறிவு அது.

வானியல் அட்டவணைகளில் இரு வரிசைகளுக்கு இடைப்பட்ட மதிப்பைக் காண எளிய வழி, இடையில் நேர்கோடு இருப்பதாக வைத்துக்கொள்வது. அதாவது அந்தச் சிறு இடைவெளியில் வீதம் மாறவில்லை என்று கொள்வது. 11ஆம் நூற்றாண்டில் அல்பிரூனி 'அல்கானூன் அல்மஸ்ஊதீ' நூலில் இதோடு நிற்கவில்லை. அடுத்தடுத்த வேறுபாடுகளே மாறுவதையும் கணக்கில் சேர்த்துத் திருத்தும் முறையைக் கையாண்டார். இத்தகைய முறையை இந்தியாவில் பிரம்மகுப்தர் 7ஆம் நூற்றாண்டிலேயே தந்திருந்தார்.

நுண்கணிதத்துக்கு மிக அருகில் வந்தவர் ஷரஃபுத்தீன் அத்தூஸி. மராகா வானாய்வகத்தின் நஸீருத்தீன் அத்தூஸி வேறு, இவர் வேறு. திமஷ்க், ஹலப், மவ்ஸில் நகரங்களில் கணிதம் கற்பித்து, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தவர். முப்படிச் சமன்பாடுகளைப் பற்றிய நூலில், ஒரு கோட்டை இரு துண்டாக்கி, ஒரு துண்டின் வர்க்கத்தை மற்றதால் பெருக்கினால் வரும் தொகை எப்போது மிக அதிகமாகும் என்பதை ஆராய்ந்தார். நீளம் 12 என்று நாம் எடுத்துக்கொள்வோம். முதல் துண்டு 7 என்றால் 49 × 5 = 245. துண்டு 8 என்றால் 64 × 4 = 256. துண்டு 9 என்றால் 81 × 3 = 243. உச்சம் 8-இல், அதாவது மூன்றில் இரண்டு பங்கில். எந்த நீளத்துக்கும் உச்சம் அங்கேதான் என்பதை அவர் நிறுவினார். கேட்கப்பட்ட தொகை அந்த உச்சத்தைவிடக் கூடினால் விடையில்லை, சமமானால் ஒரு விடை, குறைந்தால் இரண்டு விடைகள் என்று வகுத்தார்.

உச்சியில் கோடு ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. அங்கே சாய்வு சுழியம். வகைக்கெழுவைச் சுழியமாக்கினால் இன்று வரும் நிபந்தனையும் அத்தூஸி அடைந்த நிபந்தனையும் ஒன்றே. அவரது நூலை 1980களில் பதிப்பித்த வரலாற்றாளர் ருஷ்தீ ராஷித், அத்தூஸி வகைக்கெழுவையே பயன்படுத்தினார் என்று கருதினார். வேறு வரலாற்றாளர்கள், பழைய வடிவியல் வழியிலேயே அந்த நிபந்தனையை அடைந்திருக்கலாம் என்று மறுத்தார்கள். அத்தூஸி அந்தக் கோவைக்குப் பெயரிடவும் இல்லை, எல்லாச் சார்புகளுக்கும் உரிய பொது முறையாக ஆக்கவும் இல்லை. அவரது பெருமை இந்தக் கணக்கிலேயே நிறைவாக இருக்கிறது. இல்லாத பட்டத்தைச் சூட்டித்தான் அதைக் காக்க வேண்டும் என்பதில்லை.

1684

பொது முறை ஐரோப்பாவில் பிறந்தது. இங்கிலாந்தின் நியூட்டன் 1665, 1666 ஆண்டுகளிலேயே அதைக் கண்டிருந்தும் வெளியிடவில்லை. ஜெர்மனியின் லைப்னிட்ஸ் 1684இல் லைப்சிக் நகரிலிருந்து வெளிவந்த ஆய்விதழில் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரையாக அதை முதலில் அச்சில் ஏற்றினார். அந்தக் கட்டுரை தரும் விதிகளில் முதலாவது, மாறாத அளவின் மாற்றம் சுழியம் என்பது. அடுத்தது, ஒரு மாறிலியால் பெருக்கப்பட்ட அளவு மாறினால், அதன் மாற்றமும் அதே மாறிலியால் பெருக்கப்பட்டதாக இருக்கும் என்பது. இவ்விரண்டும் சேர்ந்ததே நம் பிள்ளைகள் படிக்கும் நேர்கோட்டு விதி. 'மூன்று எக்ஸ் கூட்டல் ஐந்து' என்பதில் ஐந்தைச் சுழியமாக்குவது முதல் விதி. மூன்றை மட்டும் விட்டுவைப்பது இரண்டாம் விதி.

அத்தனை எளிய விதிக்கு முதலிடம் ஏன்? எந்த வளைவும் ஒரு புள்ளிக்கு மிக அருகில் நேர்கோடு போலவே தோன்றும். அந்தக் கோட்டின் சாய்வே வளைவின் வகைக்கெழு. ஆகவே நேர்கோடு மற்ற எல்லாவற்றையும் அளக்கும் முழக்கோல். கூட்டும் அளவைச் சுருக்கிக்கொண்டே போவது என்றால் துல்லியமாக என்ன என்பதைப் பிரான்சின் கோஷி 1821இல் வெளியிட்ட தம் பாடநூலில் எல்லை என்ற கருத்தின் மீது நிறுத்தினார். இன்றைய வகுப்பறை முறை அங்கிருந்து வளர்ந்தது.

நமக்கு எஞ்சுவது

கணக்கைத் தொகுத்துப் பார்ப்போம். பொது முறையும் குறியீடும் ஐரோப்பியருடையவை. மாறாத வீதம் உலகச் சந்தைகளின் பொது உடைமை. நம் முன்னோரிடம் நாம் காண்பது இரண்டு. ஒன்று, வளையும் பொருள்களைத் துல்லியமாகக் கணக்கிட அவர்கள் மேற்கொண்ட அரிய உழைப்பு. மற்றொன்று, நம் அன்றாடத்துக்கு இன்னும் நெருக்கமானது: 'இன்னும் ஒரு திர்ஹம் வந்தால் கடமை எவ்வளவு?' என்ற கேள்வியை அவர்கள் அற்பமாகக் கருதவில்லை. ஆசிரியரும் மாணவரும் அதில் வேறுபட்டார்கள். வேறுபட்ட பின்னும் மாணவர்கள் ஆசிரியரின் மத்ஹபைக் கட்டி எழுப்பினார்கள்.

பெற்றோர் இதை ஒரு மாலையில் பிள்ளைக்குக் காட்டலாம். வரைபடத் தாளில் 200 முதல் 320 திர்ஹம் வரை ஒரு கோடும், அதன் கீழே ஒரு படிக்கட்டும் வரையச் சொல்லுங்கள். 240, 280, 320 ஆகிய இடங்களில் படிக்கட்டு கோட்டைத் தொடும். இடையில் எங்கும் கோட்டைத் தாண்டாது. எது நேர்கோட்டுச் சார்பு, எது அன்று, சாய்வு எங்கே உண்டு, எங்கே இல்லை என்பதைப் பிள்ளையே சொல்லிவிடும். ஃபிக்ஹு பாடமும் கணிதப் பாடமும் ஒரே தாளில் அமைந்துவிடும்.

பெரியவர்களுக்கும் அந்தத் தாளில் ஒரு பாடம் உண்டு. ஒரு லட்சம் ரூபாய்க்கு 2,500 ரூபாய் ஜகாத் கொடுக்கும்போது தயங்காத கை, ஒரு கோடிக்கு 2,50,000 ரூபாயை எடுத்துவைக்கும்போது தயங்குவதுண்டு. தொகை பெரிதாகத் தெரிகிறது. பெரிதானது கோட்டின் உயரம்தான், சாய்வு அல்ல. செல்வத்தின் உச்சியில் இருப்பவரிடமும் நிஸாபை அன்றுதான் எட்டியவரிடமும், அடுத்த ரூபாய்க்கு இறைவன் கேட்பது நாற்பதில் ஒன்றுதான். மீதி முப்பத்தொன்பது பங்கையும் அவன் நம்மிடமே விட்டுவைத்திருக்கிறான்.

கணக்கில் நேர்மையையும் கொடுப்பதில் தாராளத்தையும் வல்ல நாயன் நமக்கும் நம் சந்ததிக்கும் வழங்குவானாக.